கேட்கிறவங்க குப்பி

மணி மூன்றேகால். கீரிப்பாறையைத் தாண்டி எஸ்டேட்டுக்குப் போகிற ரோடு. மே மாதம்... ஆனாலும் அந்த ரோட்டில் வெயில் விழாது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் மேலே கூடி மூடிவிட்டிருந்தன. மரத்தில் வடிந்த ஒட்டுபால் காய்கிற புளித்த நாற்றம். ஒரு ஆள் இல்லை. ஒரு ஆடு இல்லை. வந்த பஸ் திரும்பிப் போய், அதன் சத்தமும் அடங்கியது. முதுகில் பெரிய பைகளோடு மூன்று பேர் மட்டும் அங்கே நின்றார்கள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்டு வர நேரமாகும். இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. கொட்டாரத்தில் பெயிண்டு கடை வைத்திருக்கிறாரே ஞானதாசன், அவருடைய மைத்துனன் சுதனுக்கு நடந்தது. சுதன் பொய் சொல்ல மாட்டான். இதைச் சொல்லும்போது ஒரு இடத்திலாவது குரலை உயர்த்தியதும் இல்லை.

சுதனுக்கு வீடு இரணியல் பக்கம். வேலை சென்னையில், லிப்ட் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில். அவன்கூட வேலை செய்கிறவன் மணிமாறன். காஞ்சிபுரத்துக்காரன், சுதனைவிட நாலு வயது இளையவன். மூன்றாவது ஆள் சிஜோ. குளச்சல் கடற்கரைக்காரன், டெம்போவில் மீன் ஏற்றி விற்கிறவன், சுதனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மலைக்கு மேலே இரண்டு சுனைகள் உண்டு. மேலே இருப்பது அக்கா சுனை. அதற்குச் சற்றுக் கீழே தங்கச்சி சுனை. கோடையிலும் வற்றாது. அங்கே ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் இறங்குவது என்று திட்டம். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரிடம் சொல்லி அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று.

ஆசை மணிமாறனுடையது. அவன் மனைவி தேன்மொழிக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்துவிட்டால் பிறகு எங்கே போக முடியும் என்று கெஞ்சிக் கேட்டு வந்திருந்தான். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பெண் சுதனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, உங்கள நம்பித்தான் அனுப்புறேன். எப்பிடிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்பிடியே கொண்டாந்து விட்டுருங்க."

"கொண்டு வந்து விடுதேன்மா" என்று சுதன் வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுப்பது எளிது. நமக்குச் சொந்தமில்லாத உயிருக்கு வாக்குக் கொடுக்கும்போது, அதைக் கேட்டுக்கொண்டு மேலே ஒருவன் இருக்கிறான் என்பது மறந்துபோகிறது.

அன்று காலை சுதன் வீட்டில் புட்டும் பயறும். சுதனின் அம்மா செல்லத்தாய் பரிமாறிக்கொண்டே, "மக்கா, வெள்ளம் வேணுமா?" என்று மணிமாறனைக் கேட்டாள்.

மணிமாறன் கையில் எடுத்த புட்டோடு நின்றுவிட்டான். வாசலைப் பார்த்தான்.

"வெள்ளமா? எங்கம்மா? ஏரி ஒடஞ்சிடுச்சா?"

சிஜோ சிரித்ததில் அவனுக்குப் புரை ஏறியது. நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவர்கள் ஊரில் வெள்ளம் என்றால் வீட்டை அடித்துக்கொண்டு போவது. அதன்பிறகு பஸ்ஸில் மணிமாறன் கண் அசந்தபோதெல்லாம் சிஜோ அவன் காதருகே குனிந்து, மெதுவாக, "வெள்ளம்..." என்பான். அவன் திடுக்கிட்டு விழிப்பான்.

"உனக்கு வேற வேலையே இல்லியா சிஜோ?"

"உள்ள வேலைய விட்டுட்டுத்தானே ஒன்கூட வந்தேன்."

சுதனின் வீட்டார் அய்யா வழி என்கிற நெறியில் நடப்பவர்கள். கிளம்பும்போது செல்லத்தாய் மூன்று பேர் நெற்றியிலும் வெள்ளை நாமம் இட்டாள். கழுத்தில் செபமாலை கிடந்த சிஜோவும் நெற்றியைக் காட்டினான். பிறகு ஒரு பழைய பச்சைக் குப்பி நிறைய வெள்ளம் பிடித்து, சுதனின் பையில் பக்கவாட்டில் செருகினாள். மூடியே ஒரு சின்னக் கோப்பையாகிற குப்பி அது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தூரம் போகிறவர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்வதுபோக இன்னொரு குப்பி எடுக்கவேண்டும். அதில் தாங்கள் குடிக்கக் கூடாது. வழியில் கேட்கிறவர்களுக்கு உள்ளது அது. அதற்குப் பேரே 'கேட்கிறவங்க குப்பி'. யாரும் கேட்காவிட்டால், திரும்பி வந்து ஒரு செடிக்கு ஊற்றிவிடுவார்கள்.

"காட்டுக்குள்ள யாரு மக்கா கேக்கப் போறா? கரடியா?" என்றான் சிஜோ.

"ஒரு கிலோதானே, கெடக்கட்டும்" என்றான் சுதன்.

காலையிலேயே மலை ஏறியிருக்கவேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மணிமாறன் சொன்னதில் பாதி நாள் போய்விட்டது. அதனால்தான் மூன்றேகால்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற எஸ்டேட் லயத்தின் கடைசியில் சத்தியபாய் என்ற பெண் ஒரு சாயாக்கடை வைத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூன்று சாயா குடித்தார்கள். பைகளை ஒரு தடவை பார்த்தாள், சூரியனை ஒரு தடவை பார்த்தாள்.

"இப்பமா ஏறப் போறிய?"

"ஆமாக்கா. நேரமாயிப் போச்சு."

"சரி... ராத்திரி என்ன சத்தம் கேட்டாலும் எழும்பாதிய. நேரம் வெளுக்கட்டும்."

"என்ன சத்தம்க்கா?"

அவள் கிளாசைத் துடைத்தாள். துடைத்த கிளாசையே மறுபடியும் துடைத்தாள்.

"காட்டுல ஆயிரம் சத்தம் இருக்கும்" என்றாள்.

கிராம்புத் தோட்டம் முடிகிற இடம்வரை பாதை நன்றாக இருந்தது. பிறகு பாதை இல்லை, பாறையும் வேரும்தான். ஒரு மணி நேரம்... இரண்டு மணி நேரம். மணிமாறன் பேசிக்கொண்டே ஏறினான். அவனுக்கு ழ வராது. "இந்த மளை எவ்ளோ ஒசரம்?" என்பான். "தேன்மொளி பார்த்தா பயந்துடுவா" என்பான். "கட்டின பொண்டாட்டி பேரயாவது ஒழுங்கா சொல்லுலே" என்று சிஜோ பின்னாலிருந்து சொல்வான். இப்படியே சிரித்துக்கொண்டு போகும்போது, சுனைக்குக் கால் மணி நேரம் இருக்கையில், மணிமாறன் மிதித்த கல் உருண்டது.

'டக்' என்று ஒரு சத்தம். கல்லின் சத்தம் இல்லை அது.

எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. இரண்டு பேரும் தோள்கொடுத்து, இழுத்து, சுனைக்கரைக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

அந்த இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே அக்கா சுனை, கறுப்புக் கண்ணாடி மாதிரி. கீழே தங்கச்சி சுனை. இரண்டுக்கும் நடுவில் நூறு அடி நீளத்துக்கு வெள்ளை மணல். மழைக்காலத்தில் மேல் சுனை நிறைந்து கீழ் சுனைக்கு ஓடி வருகிற வழி அது. வலதுபக்கம், இரண்டு தென்னை உயரத்துக்கு மேலே, ஒரு தட்டைப் பாறை.

படுக்கவேண்டிய இடம் பாறைதான். சுதனுக்குத் தெரியும். ஆனால் மணிமாறனைப் பாறைமேல் ஏற்றவேண்டும். அவன் முகம் வலியில் வெளுத்துக் கிடந்தது. மணலோ பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. சுதன் மணலைக் கையில் அள்ளிப் பார்த்தான். எலும்புபோலக் காய்ந்திருந்தது. மேலே வானம் நிறைய நட்சத்திரம். வடகிழக்கில் மட்டும், வெகுதூரத்தில், சத்தமில்லாமல் ஒரு மின்னல்.

"அது தூரக் கெழக்க, பாண்டிப் பக்கம் மக்கா. இஞ்ச வராது" என்றான் சிஜோ.

மணலிலேயே கூடாரம் அடித்தார்கள். ஆரஞ்சு நிறத் துணி. அவித்த மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுத் துவையலும் தின்றார்கள். மணிமாறன் வலி மாத்திரை போட்டுக்கொண்டான். சிஜோ செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு படுத்தான். சிறிது நேரத்தில் அவன் குறட்டையும், வெளியே சில்வண்டுகளும்... வேறு எதுவும் இல்லை.

மணி இரண்டு பத்து.

சுதன் விழித்துக்கொண்டான். ஏன் விழித்தான் என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சில்வண்டுகள் நின்றுவிட்டன. ஒவ்வொன்றாக அடங்கவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில்.

ஒரு நாற்றம் வந்தது. காய்ச்சல்காரர் பல நாள் கழித்து வாயைத் திறந்தால் வருமே... உலர்ந்த நாக்கின் நாற்றம். கூடாரம் மூடித்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் குரல்.

"வெள்ளம்..."

ஆண் குரல். மேலே, பாறைப் பக்கத்திலிருந்து. கத்தவில்லை. கத்துவதற்குத் தொண்டையில் ஈரம் இல்லாதவனின் குரல். காய்ந்த ஓலையைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

சுதன் மூச்சை அடக்கிக் கிடந்தான். 'சிஜோ விளையாடுகிறான்' என்று நினைத்தான். கையை நீட்டினான். சிஜோ பக்கத்தில்தான் கிடந்தான். குறட்டை நின்றிருந்தது. அவன் கை ஜில்லென்று இருந்தது. அவனும் விழித்துத்தான் கிடந்தான்.

"வெள்ளம்..."

மணிமாறன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "சுதன்ணா... யாரோ வெள்ளம்னு கத்துறாங்க. எந்திரிங்க. தண்ணி வருது போல."

"லேய், பொத்திகிட்டுக் கெட" என்று சிஜோ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வரல்ல. அது வெள்ளம் கேக்குது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. 'யாரோ கேக்காங்க' என்று சொல்லவில்லை. 'அது கேக்குது' என்று சொல்லியிருந்தான்.

மூன்றாவது தடவையும் வந்தது. இந்த முறை முதல் எழுத்துத்தான் வந்தது. "வெ..." மீதி வரவில்லை. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... அவ்வளவு தூரத்திலிருந்து அது காதுக்கு எப்படிக் கேட்டது என்று சுதனுக்கு இன்றைக்கும் தெரியாது.

சுதன் இருட்டில் தடவி அந்தப் பச்சைக் குப்பியை எடுத்தான்.

சிஜோ அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "மக்கா, போவாத. அந்த அக்கா சொன்னா பாத்தியா? எழும்பாதன்னு சொன்னா."

"கேட்டாச்சுலே" என்றான் சுதன். "கேட்ட பெறவு கெடக்க முடியுமா?"

"மனுசன்னா குடுக்கலாம். இது..."

"தாகம் மனுசனுக்குத்தானே வரும்."

சுதன் தைரியசாலி இல்லை. சொல்லும்போது அவனே சொன்னான். கூடாரத்தின் ஜிப்பைத் திறக்க மூன்று தடவை முயற்சி செய்யவேண்டி இருந்ததாம். இந்தக் குப்பி பையில் இல்லாதிருந்தால் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன் என்றான். கையில் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு ஒருவர் கூப்பிடுகிறார்... பிறகு எப்படி. அம்மா அந்தக் குப்பியை நிறைத்தபோது, யார் கேட்பார் என்று விசாரித்தா நிறைத்தாள்?

"நானும் வரேன்" என்றான் மணிமாறன். "அவங்க வெள்ளம்னு சொல்றாங்க. நீங்க இன்னா வேணா அர்த்தம் சொல்லுங்க. நா இங்க இருக்க மாட்டேன்."

"ஒனக்குக் கால் இல்லியேடா."

"தவள்ந்தாவது வரேன்."

சிஜோவுக்கு வேறு வழியில்லை. கூடாரத்தில் தனியாகக் கிடக்க அவனால் முடியாது. அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "கர்த்தாவே... மீன் பெட்டி தூக்கின தோளுதான், ஏறித் தொலை" என்று முணுமுணுத்துக்கொண்டு மணிமாறனை முதுகில் ஏற்றினான். கூடாரத்துக் கூரையில் தொங்கிய சின்ன விளக்கைப் போட்டுவிட்டான், திரும்பி வர அடையாளத்துக்கு. துணி முழுவதும் ஆரஞ்சாக ஒளிர்ந்தது.

கவனியுங்கள். ஒரே சொல். ஒருவன் அதைத் தாகம் என்று கேட்டு எழுந்தான். இன்னொருவன் அதை ஆபத்து என்று கேட்டு எழுந்தான். மூன்றாவது ஆள் தனிமைக்குப் பயந்து எழுந்தான்.

சுதன் முன்னால் ஏறினான். கையில் டார்ச். வெளிச்ச வட்டத்துக்குள் புல்... கல்... புல். அந்த நாற்றம் மேலே போகப் போகக் கூடியது. பாறையின் விளிம்பைப் பிடித்து ஏறி, டார்ச்சை அடித்தான்.

யாரும் இல்லை. தட்டைப் பாறை. ஒரு மூலையில் பாறையும் மண்ணும் சேர்கிற பள்ளம். ஒரு ஆள் ஒருக்களித்துக் கிடக்கலாம், அவ்வளவு பள்ளம். சுற்றிலும் இடுப்பளவு புல். பள்ளத்தில் மட்டும் ஒரு புல் முளைக்கவில்லை.

அந்தப் பள்ளத்திலிருந்துதான் மூச்சு வந்தது. உள்ளே இழுக்கிற மூச்சு மட்டும்.

ஓடத்தான் தோன்றியது. காலும் திரும்பிவிட்டது. ஆனால் குடிக்கிறவர் முகத்தில் வெளிச்சம் அடிப்பது மரியாதை இல்லை என்று, அந்த நேரத்தில், அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்ததோ. டார்ச்சை அணைத்தான். மண்டியிட்டான். மூடியைத் திருகி, அதில் நிறைய ஊற்றி, பள்ளத்தின் ஓரத்தில் வைத்தான். குப்பியையும் பக்கத்தில் வைத்தான்.

"அய்யா உண்டு" என்றான். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. பிறகு, "குடிச்சுக்கிடுங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இருட்டு.

பாறையில் மூடி உரசுகிற சத்தம்.

மடக்... மடக்... மடக்... மடக்... மடக்...

ஐந்து. பிறகு ஒரு நிறுத்தம். நாம் மூன்று எண்ணுகிற நேரம். பிறகு கடைசியாக, பெரியதாக, ஒரு மடக். அதன்பின் ஒரு பெருமூச்சு. "ஹா..." என்று. வயல் வேலை முடித்து வந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு விடுவாரே, அந்த மாதிரி.

சிஜோ மூச்சிரைக்க மணிமாறனைப் பாறைமேல் இறக்கிய நேரம் அது. அவர்களும் கேட்டார்கள். மூன்று பேரும் கேட்டார்கள்.

நாற்றம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒரு வாசம் வந்தது. ஈர மண் வாசம். மழை இல்லை. வானத்தில் நட்சத்திரம் அப்படியே இருந்தது. ஆனால் மேலே, அக்கா சுனைக்கும் அப்பால், மலையின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பாரம் ஏற்றிய லாரி பிரேக் இல்லாமல் இறக்கத்தில் வருகிற சத்தம். ஒரு லாரி இல்லை... பத்து லாரி.

பாண்டிப் பக்கம் என்று நினைத்த மழை, மேல்மலையில் பெய்து, காட்டாற்று வழியாக வந்துவிட்டது.

அவர்கள் ஆற்றைப் பார்க்கவில்லை. இருட்டில் எப்படிப் பார்ப்பது? கூடாரத்தைத்தான் பார்த்தார்கள். உள்ளே விளக்கு எரிகிற அந்த ஆரஞ்சுக் கூடாரம் ஒரு தடவை எம்பியது. பிறகு உருண்டது. விளக்கு அணையாமலே, ஒளிர்ந்துகொண்டே, தலைகீழாகவும் நேராகவும் புரண்டு புரண்டு தங்கச்சி சுனைக்குள் போனது. தண்ணீருக்கு அடியில் கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

விடியும்வரை மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிஜோ செபமாலையை உருட்டினான். மணிமாறன் அழுதான். சுதன் ஒன்றே ஒன்றை நினைத்தான். 'எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறீர்களோ அப்படியே.'

வெளிச்சம் வந்ததும் குப்பியைப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. மூடி இறுக்கமாகத் திருகப்பட்டிருந்தது. அவன் திருகவில்லை. கீழே மணலே இல்லை; அவர்கள் படுத்த இடத்தில் மாடு அளவுக்கு ஒரு பாறை வந்து உட்கார்ந்திருந்தது.

மத்தியானத்துக்குத்தான் சத்தியபாயின் கடைக்கு இறங்க முடிந்தது. அவர்களைப் பார்த்ததும் அவள் பெஞ்சைத் துடைத்தாள். சுதன் குப்பியை மேசைமேல் வைத்தபோது, காலிக் குப்பியையும் அவன் முகத்தையும் பார்த்தாள்.

"குடுத்தியா?" என்றாள்.

"குடுத்தேன்க்கா."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி இரண்டு பேர் மேலே போனார்கள். ஒருவன் குழித்துறைக்காரன். மற்றவன் வெளியூர், ஏதோ வடக்கே. மூன்றாம் நாள் விடியற்காலம் வெளியூர்க்காரன் மட்டும் இந்தக் கடைக்கு முன்னால் ஓடி வந்து விழுந்தான். 'வெள்ளம் வருது, வெள்ளம் வருது' என்று ஒரே கூச்சல். நல்ல கோடை. ஓடையில் கால் நனைய ஈரம் இல்லை. லயத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

"நாங்க சிரிச்சோம் மக்கா" என்றாள் சத்தியபாய். "நானும் சிரிச்சேன். 'ஒங்கூட வந்தவன் எங்க'ன்னு ஒருத்தரும் கேக்கல்ல. அவன் பெறத்தால வருவான்னு இவன் நெனச்சிருக்கான். அடுத்த பஸ்ஸ புடிச்சிப் போயிட்டான்."

மேலே நடந்தது வேறு; பிறகு அந்த வெளியூர்க்காரனை விசாரித்தபோதுதான் தெரிந்தது. குழித்துறைக்காரன் ராத்திரி பாறைமேல் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். பக்கத்தில் படுத்திருந்தவனை எழுப்பி, 'வெள்ளம், வெள்ளம்' என்று கேட்டான். தூக்கத்திலிருந்து எழுந்தவன் தன் ஊர்ச் சொல்லாக அதைக் கேட்டான். எழுந்து ஓடினான். நாலு நாள் கழித்துத் தேடிப் போனார்கள். அந்தப் பள்ளத்தில் கிடந்தான். கண் திறந்து கிடந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் சுனை முழுவதும் தெரியும்.

"அதுக்குப் பெறவு அந்தச் சத்தத்தக் கேட்டவங்க உண்டு" என்றாள். "காட்டுக் காவலுக்குப் போற வாச்சர் கேட்டிருக்கான். தேன் எடுக்கப் போறவங்க கேட்டிருக்காங்க. குடுத்தவங்க ஒருத்தரும் இல்ல. நாந்தான் எல்லாருட்டயும் எழும்பாதன்னு சொல்லி விடுவேன்." கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தாள். "நேத்து ஒங்ககிட்டயும் சொன்னேன்" என்றாள்.

அவன் தாகத்துக்குக் கேட்டானா, வரப்போகிறதைச் சொன்னானா? சுதன் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். இரண்டில் எதுவாக இருந்தாலும் எழுந்திருக்கவேண்டியது ஒன்றுதான். ஒரு கோப்பை வெள்ளம் கொடுக்கப் போனவன் மூன்று உயிரோடு திரும்பினான், மூன்றா நான்கா... தேன்மொழியின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால். இறைவன் பெரிய கணக்குகளைச் சின்னக் கோப்பையில்தான் வைக்கிறான் என்று நான் நம்புகிறவன். அதனால்தான் இந்தக் கதையை இங்கே முடித்துக்கொள்ள எனக்கு ஆசை.

ஆனால் முடியவில்லை.

மணிமாறனை சுதன் வாக்குக் கொடுத்தபடி வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டான். கால் சறுக்கியது என்று மட்டும் தேன்மொழியிடம் சொன்னார்கள். ஏழுமாதக்காரியிடம் மற்றதை எப்படிச் சொல்வது? பிறகும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. நல்ல பிள்ளை. ஒரே ஒரு குறை. ஒரு வயது தாண்டியும் 'அம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. டாக்டர், "காது நல்லாக் கேக்குது, நேரம் வரும்போது பேசுவான்" என்றார்.

போன வருஷம் நவம்பர். சுதனும் மணிமாறனும் ராத்திரி வேலையில் இருந்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் நின்றுவிட்டது. மணிமாறன் லிப்ட் குழிக்குள் இறங்கியிருந்தான். அவன் போன் மேலே சுதனின் கையில். மணி இரண்டு பத்துக்கு அது அடித்தது. தேன்மொழி.

"அவரு இல்லியா அண்ணா? ஒண்ணுமில்ல... புள்ள பேசிட்டான். அதச் சொல்லத்தான்." அவள் குரலில் சந்தோஷமும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. "தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டான். கதவையே பாக்குறான். மொத மொதல்ல ஒரு வார்த்தை சொல்றான். ஆனா அது இன்னாத்துக்கு சொல்றான்னு புரியல."

"என்னம்மா சொல்லுதான்?"

"வெள்ளம்னு."

சுதன் போனைக் காதோடு அழுத்தினான்.

அவர்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே. ஏரியைத் தூர்த்துப் போட்ட மனை. தரைத்தளம்.

"அங்க மழை உண்டா?"

"இல்லண்ணா. நட்சத்திரம்கூடத் தெரியுது. இதோ, திரும்பவும் சொல்றான், பாருங்க. கைய நீட்டுறான். குரலே ஒரு மாதிரி கரகரன்னு... நா இன்னா பண்ணட்டும்?"

"குடு" என்றான் சுதன். "ஒரு கோப்பையில வெள்ளம்... தண்ணி எடுத்துக் குடு. பயப்படாத. போன வைக்காத."

குழாய் திறக்கிற சத்தம். அவள் நடக்கிற சத்தம். டம்ளர் ஒரு சின்னப் பல்லில் மோதுகிற சத்தம்.

அப்புறம்...

மடக்... மடக்... மடக்... மடக்... மடக்...

நிறுத்தம். ஒன்று... இரண்டு... மூன்று.

பெரிய ஆளின் தொண்டையில் இறங்குகிற ஒரு மடக். அதன்பின் அந்தப் பெருமூச்சு.

"ஹா..."

சுதன் நிதானமாகப் பேசினான். சொன்னேனே, அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"தேன்மொழி, நான் சொல்லுதத அப்படியே கேளு. செருப்புப் போடாத. வெளக்கு தேடாத. பிள்ளையத் தூக்கிகிட்டு இப்பமே மாடிக்கு ஏறு."